மேலிடத்து உத்தரவு

மே 6

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். என் முழங்கால் வலி பழையபடிதான். இதையெல்லாம் ஒரு செய்தியாக எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் நீ கேட்பாய். நாள் முழுக்கப் பாலம் கட்டும் இடத்துத் தூசியில் நிற்கிறாயே, உன் இருமல் விட்டதா?

டெலிபோன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். உன் அப்பா குறட்டால் வயரை நறுக்கிவிட்டார். "லைன்ல எவனோ ஒட்டுக் கேக்கிறான்" என்றார். அப்போது லைனில் இருந்தது உன் அண்ணன். நறுக்கிய காரியம் தப்பு. நறுக்கிய விதத்தில் தப்புச் சொல்ல முடியாது. இரண்டு முனையிலும் டேப் சுற்றி, குறட்டை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். வயர் இருந்தாலும் என் மந்தக் காதுக்கு ஒன்றும் விழாது. ஆகவே கடிதம்.

உன் அண்ணன் போன மாதம் வந்திருந்தான். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கான இல்லத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டானாம். இடம் காலியானதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்கிறான். "அம்மாவால முடியல சித்தப்பா. நீங்களோ..." என்று பாதியில் நிறுத்தினான். மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெஞ்சுக்கான மாத்திரையை வாயில் வாங்கிச் செடிக்குத் துப்புகிறார். கொஞ்சம் அசந்தால் கேட்டைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். மூலைக் கடை முடிதிருத்துபவர்தான் இரண்டு முறை கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அவருக்கு எல்லாம் மறந்துபோவதற்குள் அவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொல்கிறாய். சட்டப் புத்தகம் போடும் அச்சகத்தில் காலமெல்லாம் பிறருடைய வாக்கியங்களைத் திருத்தியவன் நான். சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தால் முதல் வரியையே திருத்திக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பட்டாளத்தில் சேர்ந்து முதல் முறை வீட்டுக்கு வந்தபோது தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்து முடி கொட்டிவிட்டது என்று எங்கள் அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். "காய்ச்சல் இல்லம்மா, கர்னல் ஆகப்போறேன்" என்றார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது, வெறும் சிப்பாய். பிறகு சொன்னபடியே ஆனார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
சித்தப்பா

மே 23

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தொண்டை கட்டிக்கொண்டது. இங்கே மேஸ்திரிகளிடம் கத்தாமல் ஒரு கம்பிகூட நேராக நிற்பதில்லை. உங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அம்மா எப்படி இருக்கிறாள்?

அண்ணனோடு சண்டை போட்டேன். "நீ தூரத்தில இருந்துக்கிட்டு நியாயம் பேசாதே" என்றான். அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கேட்கிறேன் சித்தப்பா. அப்பா அந்த வீட்டில்தான் இருக்கவேண்டும். வேலை வேலை என்று பனியிலும் காட்டிலும் கிடந்தவர். வருஷத்தில் ஒரு மாசம்தான் எனக்கு அப்பா. என் ஸ்கூல் சட்டைக்கு அவர் தைத்த பொத்தான் ஞாபகம் இருக்கிறது. "கழுத்து போனாலும் பொத்தான் போகாது" என்பார். மற்றதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். டிசம்பரில் வேலை ஒப்பந்தம் முடிகிறது. முடிந்ததும் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன். அதுவரை எப்படியாவது தாக்குப்பிடியுங்கள்.

மாத்திரை விஷயத்தில் என்ன செய்வது? நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார், அம்மா சொன்னால் சிரிப்பார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால்தான் விழுங்குவார் போல!

உங்கள்
சின்னவள்

ஜூன் 15

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம். உன் தொண்டைக்கு வெந்நீர் கொப்பளி. மேஸ்திரிகளிடம் கைஜாடை போதும்.

நீ வேடிக்கைக்கு எழுதிய வரியை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஒரு தாளில், "அனுப்புநர்: தலைமையகம். பொருள்: மருந்து. முகாமில் உள்ள அதிகாரிகள் காலை உணவுக்குப் பின் தமக்குரிய மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்" என்று எழுதி, அடியில் யாருடையதும் அல்லாத ஒரு கையெழுத்தைக் கிறுக்கினேன். உறையில் போட்டு அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

"என்னய்யா?"

"தபால். மேலிடத்திலேர்ந்து."

"கையெழுத்துப் போட்டு வாங்கணுமே?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. கையில் மளிகைச் சீட்டு இருந்தது, நீட்டினேன். அதன் முதுகில் கையெழுத்துப் போட்டார். உறையைக் கிழிக்காமல் பிரித்தார். இரண்டு முறை படித்தார்.

"யாரு எழுதினது இது? ஒரு புள்ளிகூட இடம் மாறல. தலைமையகத்துல நல்ல கிளார்க்கா ஒருத்தன் வந்திருக்கான்யா" என்றார். மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். "விழுங்கியாச்சுன்னு தகவல் அனுப்பு."

எழுபத்தொரு வயதில் முதல் முறையாக அண்ணனிடம் பாராட்டு வாங்கினேன், அதுவும் வேறொருவன் பேரில். சின்ன வயதிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவது 'கமா' என்றுதான். எதைக் கேட்டாலும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்வேனாம்.

இது சரியா என்று தெரியவில்லை. ஏமாற்றுவதுதானே? ஆனால் இன்று செடிகளுக்கு மாத்திரை கிடைக்கவில்லை.

சித்தப்பா

ஜூன் 30

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கணக்கெழுதுகிறவர், "என்னம்மா, சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அண்ணனுக்கும் எழுதிவிட்டேன்: அப்பா மருந்து சாப்பிடுகிறார், வெளியே போவதில்லை, இல்லம் வேண்டாம் என்று. 'பார்ப்போம்' என்று மட்டும் பதில் போட்டிருக்கிறான். குளிக்க, தூங்க, எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுங்கள். தலைமையகமே நம் கையில் இருக்கும்போது என்ன கவலை? அப்பாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள். அம்மா இதைப் பார்த்து என்ன சொல்கிறாள்?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
சின்னவள்

ஜூலை 28

அன்பு மகளுக்கு,

இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை. மழை தொடங்கிவிட்டது. உன் இடத்தில் வேலை நிற்காமல் நடக்கிறதா?

நீ சொன்னபடியே செய்கிறேன். குளியலுக்கு, மதிய ஓய்வுக்கு, கேட்டுக்கு வெளியே போகாமல் இருப்பதற்கு, எல்லாவற்றுக்கும் தாள் போகிறது. எடை கூடியிருக்கிறது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். படுக்கையைத் தானே விரித்து மூலை மடிக்கிறார். என்னை 'கிளார்க்' என்று கூப்பிடுகிறார். சாயங்காலம் வராந்தாவில் நடந்து, ஜன்னல் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, "எல்லாம் பத்திரம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். தலைமையகமாக இருப்பது எனக்குப் பிடித்துவிட்டதோ என்று சில சமயம் பயமாக இருக்கிறது.

நீ கேட்ட வாழ்க்கைக்கு இன்னொன்று. ஒரு பெருவெள்ளத்தில் கூரை மேல் ஏறி நின்றவர்களைப் படகில் இறக்கும் வேலை அவருடைய பிரிவுக்கு. ஒரு வயதான அம்மாள் கோழிக்கூடு இல்லாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். உன் அப்பா கூட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். பத்திரிகையில் படம் வந்துவிட்டது. பணி நேரத்தில் கோழி சுமந்தது ஏன் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார். "கூட்டை விட்டிருந்தால் அம்மாள் வந்திருக்கமாட்டார். அம்மாளை விட்டிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன்" என்று பதில் எழுதினார். அந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

அண்ணி நலம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவியோடு நல்ல சிநேகிதம்.

சித்தப்பா

ஆகஸ்ட் 14

அன்புள்ள சித்தப்பா,

நான் நலம். கோழிக்கூட்டுக் கதையை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதங்களை நேற்று வரிசையாக எடுத்துப் படித்தேன். அப்பா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், டாக்டர் வருகிறார், மழைகூட வருகிறது. அம்மா மட்டும் இல்லை. கடைசியில் ஒரு வரி, அதிலும் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. நீங்கள் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாதவர். ஆகவே இது தவறிப்போனது இல்லை.

அக்டோபர் முதல் வாரம் இல்லத்தில் இடம் காலியாகிறதாம். அண்ணன் சொன்னான். அம்மாவுக்கு என்ன ஆயிற்று? ஒளிக்காமல் எழுதுங்கள்.

சின்னவள்

செப்டம்பர் 8

சித்தப்பா,

பதில் இல்லை. நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு வரியாவது போடுங்கள்.

சின்னவள்

செப்டம்பர் 12

அன்பு மகளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. 'எல்லோரும் நலம்' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். உடம்பளவில் எல்லோரும் நலம்தான்.

ஜூலை மாதம் ஒரு காலையில் அண்ணி டீ கொண்டுவந்தார். உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சொல்லுங்கம்மா. யாரைப் பார்க்கணும்?"

அண்ணி விளையாட்டு என்று நினைத்தார். "உங்களைத்தான் பார்க்கணும், பெரிய துரை."

"இது முகாம்மா. வெளி ஆளுங்க வரக் கூடாது. கேட்ல யாருய்யா நிக்கிறது? எப்படி உள்ளே விட்டீங்க?"

"நான்தாங்க. உங்க சம்சாரம்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "என் சம்சாரம் ஊர்ல இருக்காங்க. இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் அவங்களை நான் வர விடமாட்டேன்" என்றார். பிறகு அண்ணியின் முழங்கையை மரியாதையாகப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போனார். தூறல் விழுந்தது. என் குடையை எடுத்து அண்ணி கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. தினமும் நடக்கிறது. அண்ணி பின்வாசலால் வந்து சமைத்துவிட்டு, அவர் எழுந்து வருமுன் போய்விடுகிறார். படுப்பது தையல்காரர் வீட்டில். ஒரு நாள் அவர் கேட்டைச் சாத்தும்போது அண்ணியின் விரல் மாட்டி நசுங்கிவிட்டது. "சின்னவளுக்கு எழுதாதீங்க தம்பி, அவ வேலையைப் போட்டுட்டு ஓடி வருவா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு தாள் எழுதிச் சரிசெய்யலாம் என்று பார்த்தேன். ஓர் அம்மையார் முகாமில் தங்க அனுமதிக்கப்படுகிறார் என்று எழுதினேன். அவர் கீழ்ப்படிந்தார். வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு, தூசி தட்டி, "உக்காருங்க மேடம்" என்றார். அண்ணி அதில் உட்காரவில்லை.

அவரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் மகளே. வீட்டை முகாமாக்கித்தான் வைத்திருக்கிறேன். நிறுத்தினால் மாத்திரை நின்றுவிடும், அவர் தெருவுக்குப் போவார், உன் அண்ணன் சொன்னதே சரி என்று ஆகிவிடும். நிறுத்தாவிட்டால் அண்ணி வெளியே. என்ன செய்வதென்று தெரியாமல்தான் உனக்குப் பதில் எழுதவில்லை. நீ சொல்.

சித்தப்பா

செப்டம்பர் 29

என் கண்ணுக்கு அம்மா எழுதுறது.

நல்லா இருக்கேன். விரல் ஆறிடுச்சு. நகம் மட்டும் கறுப்பா இருக்கு, பார்க்கச் சகிக்கல. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ சித்தப்பாவுக்குப் போட்ட பதிலை அவர் எனக்குப் படிச்சுக் காட்டினார். பாதியை முழுங்கிட்டார்னு தெரியும். மூஞ்சி சொல்லுச்சு. அவரைத் திட்டாதே. யோசனை உன்னுது, கை அவருது, வாயை மூடிக்கிட்டு இருந்தது நான். மூணு பேருக்கும் சமபங்கு.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். நீங்கள்லாம் அப்பா வந்துட்டார்னு ஓடி வர்றதுக்கு முன்னாடி, வாசல்லயே தொப்பியைக் கழட்டி என் கையில கொடுத்துடுவார். "இனிமே நீ சொல்றதுதான்"னு சொல்வார். அத்தனை வருஷத்துல வீட்டுக்குள்ள ஒரு நாள் உத்தரவு போட்டதில்ல. உன் அண்ணன் ஒரு தடவை அவர் மாதிரியே சல்யூட் அடிச்சதுக்கு, "அதெல்லாம் வெளியில வெச்சுக்கோ"ன்னு கோவிச்சுக்கிட்டார். அங்க இருந்ததை இங்க கொண்டு வந்துடக் கூடாதுன்னு அவருக்கு ஒரு பயம். அங்க என்ன பார்த்தார்னு நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. வாசப்படியைத் தாண்டினா அவர் வேற ஆளு.

இப்ப நாம என்ன பண்ணிட்டோம்? அவரை வீட்டுக்குள்ளயே விடாம வெளியிலயே நிக்க வெச்சுட்டோம்.

மாத்திரை சாப்பிடுறார், விழல, தொலையல. எல்லாம் சரிதான். என்னைத் தெரியாத மனுஷனை வீட்டுல வெச்சுக்கிறதுக்கு, இல்லத்துலயே விட்டுடலாமே! இனிமே தாள் கிடையாதுன்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். "விழுந்துட்டா என்ன அண்ணி?"ன்னார். "விழட்டும், என் மேல விழட்டும்"னேன்.

உன் அண்ணன் அஞ்சாம் தேதி காரோட வர்றானாம். வரட்டும்.

அம்மா

அக்டோபர் 10

அன்பு மகளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாளை நிறுத்திய அன்று காலை உன் அப்பா கதவருகே காத்து நின்றார். "தபால் வரலையாய்யா?" என்றார். வரவில்லை என்றேன். மதியமும் கேட்டார். மறுநாள் கோப்பையை உடைத்தார், மாத்திரையைத் துப்பினார், ஒன்றுமில்லாததற்கு அழுதார். முடிதிருத்துபவர் மறுபடி கூட்டிவந்தார். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் பேனாவைத் தேடிக் கை போனது. அண்ணி என் பேனாவை வாங்கிச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டை விட்டு வெளியேயும் போகவில்லை. "வெளியே போங்கம்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "போறேன், இந்த வேலையை முடிச்சுட்டு" என்று சொல்லி அங்கேயே இருந்தார்.

பிறகு ஒரு முற்பகல் அண்ணி சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா எதிரே வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் எப்ப வந்தேன்?"

அண்ணி நிமிரவில்லை. கை மட்டும் நின்றது. "இப்பதான்."

"லீவு எத்தனை நாள் போட்டிருக்கேன்?"

"நிறைய."

"கொடுத்துட்டானா! அந்த ஆளு கஞ்சனாச்சே." உட்கார்ந்து ஒரு பிடி பட்டாணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ ஏன் இப்படி இளைச்சுப்போயிருக்கே? விரல்ல என்ன?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"எந்தக் கழுதை சாத்தினது? கமா, நீயா?"

"நான்தான்" என்றேன். பொய்யும் இல்லை.

எப்போதும் அப்படி இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. வெயில் இறங்கினால் மறுபடி யாரோ ஆகிவிடுகிறார். சில நாள் அண்ணியை அக்கா என்கிறார். ஆனால் வெளியே போகச் சொல்வதில்லை.

ஐந்தாம் தேதி உன் அண்ணன் வந்தான். பெட்டியை அடுக்கவேண்டும் என்று உள்ளே போனான். உன் அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னடா, ஸ்கூல் லீவா?" என்றார். பாதித் தலை வழுக்கையானவன், கையில் கார் சாவியோடு நின்றான். "ஆமாப்பா" என்றான். "எத்தனை நாளு?" "ரெண்டு நாளு." உண்மையிலேயே இரண்டு நாள் இருந்தான். இல்லத்துக்குப் பேசி இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போகும்போது என்னிடம், "நான் தப்பா நினைச்சுட்டேனா சித்தப்பா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அப்படித்தான் சொன்னேன்.

ஏனென்றால் இதற்கும் விலை இருக்கிறது. மாத்திரை பாதி நாள் உள்ளே போவதில்லை. கால் வீங்கியிருக்கிறது. மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது. நேற்று டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை நெடுநேரம் நெஞ்சில் வைத்துக் கேட்டார். வாசலில் நின்று, பெண் எப்போது வருகிறாள் என்றார். டிசம்பரில் என்றேன். "டிசம்பரா?" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்.

இதை எழுதவேண்டாம், உன் வேலை போய்விடும் என்றார் அண்ணி. அவரிடம் பேனாவைக் கேட்டேன். முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

அவருடைய வாழ்க்கையை நான் இனி எழுதப்போவதில்லை. லீவில் இருக்கும்போது அவரே சொல்கிறார், முன்னும் பின்னுமாக, தப்பும் தவறுமாக. உட்கார்ந்து கேட்க நீ வேண்டும். இன்று காலைகூட, "சின்னவ எங்கே?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்கா" என்றார் அண்ணி.

நான் யாரையும் இதைச் செய், அதைச் செய் என்று சொன்னவன் இல்லை. தலைமையகத்தின் பேரில் சொல்லியிருக்கிறேன். இப்போது என் பேரில் சொல்கிறேன். டிசம்பருக்குக் காத்திருக்காதே. பாலத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே கிளம்பு.

உன் நலத்தை விசாரித்து எழுதவில்லை. நேரில் பார்த்துக்கொள்கிறோம்.

சித்தப்பா